குடியை விட்டு வீதியிலிருந்து மீண்டு வந்த கணவரை எப்போது, எந்த ஒழுங்கில் வீட்டில் சேர்ப்பது?

வலிகாமத்துப் பெண் (கேள்வி):

குடியால் வீட்டை விட்டுப் போய், சில ஆண்டுகள் வீதியில் கிடந்து, இப்போது சிகிச்சை பெற்றுத் தெளிந்திருக்கும் ஒருவரை மறுபடியும் குடும்பத்துக்குள் எடுப்பதற்கு ஏற்ற காலம் எது, அதை எந்த ஒழுங்கில் செய்வது என்பதே என் கேள்வி. அவரை ஏற்பதா விடுவதா என்று நான் கேட்கவில்லை. அது நானும் பிள்ளைகளும் முடிவு செய்ய வேண்டிய விடயம். ஏற்பதென்றால் எப்படி என்பதைத்தான் இதைக் கடந்து வந்தவர்களிடமும் இத்துறையில் கடமையாற்றியவர்களிடமும் அறிய விரும்புகிறேன்.

என் கணவர் மேசன் வேலை செய்தவர். கைத்திறன் உள்ளவர் என்பதால் அவருக்கு வேலைக்குக் குறைவிருந்ததில்லை. மாலையில் தவறணையில் ஒரு போத்தல் கள்ளோடு தொடங்கிய பழக்கம், போர் முடிந்து எங்கும் வீடு கட்டும் வேலைகள் பெருகிக் கையில் பணம் புழங்கிய காலத்தில் சாராயமாகி, பணம் குறைந்தபோது கசிப்பு என்னும் கள்ளச்சாராயமாயிற்று. என் தாலிக்கொடி வங்கி அடகில் மூழ்கிப் போனது. வீடு நிற்கும் காணி எனக்குச் சீதனமாக வந்தது. அதையும் ஈடு வைப்பதற்கு என்னைக் கையெழுத்திடச் சொல்லி நடந்த சண்டைகளுக்கு நடுவிலேதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

வெளியே போனவர் ஒருநாள் திரும்பவில்லை. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலும் அதைச் சூழவுள்ள கடை விறாந்தைகளிலும் படுத்திருக்கிறார் என்று முதலில் சொன்னார்கள். பிறகு தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கண்டதாகச் சொன்னார்கள். அங்கே மடங்களில் அன்னதானம் நடப்பதால் ஒருவர் பட்டினியால் சாக மாட்டார் என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. வீட்டில் அரிசிக்கு நாங்கள் பட்ட பாட்டை நினைக்கையில் கோபமாகவும் இருந்தது. கண் மஞ்சளாகிக் கால் வீங்கிக் கிடந்தவரை எங்கள் ஊரவர் ஒருவர் அடையாளம் கண்டு மந்திகை வைத்தியசாலையில் சேர்ப்பித்தார். அங்கிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது சுன்னாகத்தில் தமக்கையார் வீட்டிலிருந்து ஒரு தச்சுப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். அரை ஆண்டுக்கு மேலாகக் குடிக்கவில்லை என்பதை அவர் சொல்லி நான் நம்பவில்லை. தமக்கையார் சொல்லி நம்புகிறேன்.

மகள் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறாள். "அப்பா வீட்டுக்கு வந்தால் நான் அம்மம்மா வீட்டில் இருந்து படிக்கிறேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். மகன் சிறியவன், அவன் தகப்பனை எதிர்பார்த்திருக்கிறான். மாமியாரோ, "திருந்தி வந்தவனை வெளியில் வைத்தால் மறுபடியும் குடிப்பான், அந்தப் பாவம் உனக்குத்தான்" என்கிறார். இந்தச் சொல்தான் என்னை உறங்க விடுவதில்லை. எத்தனை மாதம் பொறுக்கலாம்? அவருடைய உழைப்பை யார் கையில் வைப்பது? காணி விடயத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்? பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும்.


ஓய்வுபெற்ற தாதி:

தங்கைக்கு வணக்கம். மனநலப் பிரிவுகளில் நீண்ட காலம் கடமையாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கணவரைப் பார்க்கும் வைத்தியரின் சொல்லே என் சொல்லுக்கு மேலானது என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மாமியாரின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தலைக்கு மேல் கூரை இல்லாதவன் குடியை விட்டு நிற்பது மிகக் கடினம் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணவர் இப்போது வீதியில் இல்லை. அவருக்குத் தமக்கை வீட்டில் கூரை இருக்கிறது, சோறு இருக்கிறது, போக ஒரு வேலை இருக்கிறது. அவர் மறுபடி குடிப்பாரானால் அதற்கு உங்கள் படலை பூட்டியிருந்தது காரணமாகாது. மூளை பல ஆண்டுகள் பழகிய வழக்கம், நித்திரையின்மை, பழைய கூட்டாளி ஒருவரின் அழைப்பு, சம்பள நாள் என்று அதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. கணவனின் குடிக்கு மனைவியைப் பொறுப்பாளியாக்கும் பேச்சை நோயாளர் விடுதிகளில் நான் கேட்காத வாரமில்லை. அதைக் கேட்டுக் கேட்டே சில பெண்கள் தாங்களும் நோயாளியானார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, மறுபடி விழுபவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டுக்குள்ளேயே, அதிலும் முதல் சில மாதங்களிலேயே விழுகிறார்கள். உங்கள் கணவர் அந்தப் பகுதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் தாண்டி முடிக்கவில்லை. என்னைக் கேட்டால் ஓராண்டுக்கு முன் ஒரே கூரையின் கீழ் வருவதை அவசரப்படுத்த மாட்டேன். நாட்காட்டியை மட்டும் பார்க்கவும் மாட்டேன். கிளினிக் நாளில் யாரும் நினைவூட்டாமல் போகிறாரா, குடிக்க வேண்டும் போலிருந்தால் அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்கிறாரா, கோபம் வந்தால் என்ன செய்கிறார் என்பவற்றைத் தமக்கையாரிடம் கேட்டறியுங்கள். எனக்கு ஒருபோதும் இனி அந்த எண்ணமே வராது என்று சத்தியம் செய்பவரைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம் வரும்.

மருந்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டைசல்பிராம் என்றொரு மாத்திரை உண்டு. அதை எடுப்பவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து போகும். இதை நோயாளி அறிந்து, விரும்பி, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டும். சில குடும்பங்கள் எங்கிருந்தோ இதை வாங்கி, குடிப்பவருக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுக்கின்றன. ஈரலும் இதயமும் ஏற்கெனவே பழுதடைந்த ஒருவருக்கு அது உயிராபத்தாகலாம். குடியை மறக்கச் செய்யும் பொடி என்று விளம்பரம் செய்பவர்களிடமும் போக வேண்டாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் இந்த மாத்திரையில் இருப்பவரானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நம் வீடுகளில் வலிக்கும் பசியின்மைக்கும் குடிக்கும் அரிஷ்டங்களில் நொதித்தலால் உண்டான மதுசாரம் உண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் தாக்கம் உடலில் நிற்கும்.

மறுபடி குடிக்க நேர்ந்தால் என்ன செய்வதென்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்தவர் வெட்கத்தினாலோ உறவினரின் வற்புறுத்தலினாலோ திடீரென நிறுத்தும்போது, முதல் நாளில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அதன் பிறகு இல்லாததைக் காண்பதும் ஆளறியாமல் பிதற்றுவதும் தொடரலாம். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி அறையில் பூட்டி வைத்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரத்திலும் பேசலாம். அது நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உரியது.

பலகாலம் வெளியில் படுத்தவர் என்பதால் சயரோகப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ள வீடு.


விறாந்தையில் உறங்கியவன்:

சகோதரி, உங்கள் கணவர் படுத்த அதே பேருந்து நிலையத்தில் நானும் படுத்திருக்கிறேன். இன்று என் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. எங்களுக்கு உதவியதைச் சொல்கிறேன்.

வெளியில் வாழ்ந்தவனுக்கு வீடு உடனே பழகாது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். கட்டிலில் நித்திரை வராது, நிலத்தில் பாய் விரித்தால்தான் வரும். செருப்பு களவு போய்விடும் என்று தலைக்கடியில் வைத்துப் படுத்த பழக்கம் என் தமக்கை வீட்டிலும் எனக்குப் போகவில்லை. யாராவது அருகில் நடந்தால் திடுக்கிட்டு எழுந்து கையை ஓங்குவேன். அந்த நிலையில் நேரே பிள்ளைகளின் அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருந்தால் அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், நானும் அவமானத்தில் வெளியே ஓடியிருப்பேன். எனவே தமக்கை வீட்டில் அவர் இருக்கும் காலத்தை அவருக்கு விதித்த தண்டனையாக நீங்களும் எண்ண வேண்டாம், அவரையும் எண்ண விடாதீர்கள்.

அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வீதியில் முதலில் தொலைவது அதுதான். அது இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, தன் பெயரில் தொலைபேசி இணைப்பும் இல்லை, பொலிஸ் மறித்தால் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்து, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுத்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தின் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கே வசிக்கிறார் என்ற கேள்வி அங்கே வரும். தமக்கை வீட்டு முகவரியைக் கொடுத்து அவரே அலைந்து பெறட்டும். நீங்கள் அவருக்காக வரிசையில் நிற்க வேண்டாம். அலுவலகத்தில் கதிரையில் இருந்து என் பெயரை நானே எழுதிய நாளில் எனக்கு உண்டான உணர்ச்சியை விளக்க முடியாது.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாட்சம்பளம் மாலையில் கையில் விழுவதே எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. பட்டறை முதலாளி நல்லவரானால், கிழமைக்கு ஒருமுறை கணக்கில் போடும்படி உங்கள் கணவரே கேட்கட்டும். அதிலிருந்து பிள்ளைகளின் செலவுக்கு ஒரு தொகை, சிறியதானாலும் தவறாமல், உங்கள் கணக்குக்கு வரட்டும். மீதியை முழுவதும் பறித்து வைக்காதீர்கள். பேருந்துக் காசுக்குக் கையேந்த வேண்டிய ஆண் பொய் சொல்லத் தொடங்குவான். மேசன் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்றும் சொல்வேன். கூரைக்குக் கொங்கிறீட் போடும் நாளில் வீட்டுக்காரர் வேலையாட்களுக்குப் போத்தல் வாங்கிக் கொடுப்பது நம் ஊர்களில் பல இடங்களில் மரியாதையாகவே நடக்கிறது. தச்சுப் பட்டறையில் சம்பளம் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் அங்கே அந்த நாள் வராது.

செத்தவீடுகளையும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவையும் எண்ணிப் பாருங்கள். இறந்தவருக்குப் பிடித்ததென்று சாராயத்தைப் படைத்துவிட்டு, பின்னால் இருந்து குடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. "ஒரு சொட்டு, செத்தவருக்காக" என்று நீட்டும் கையைத் தட்டுவது, தனக்காகக் குடிக்கும் ஆசையைத் தட்டுவதைவிடக் கடினம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அப்படித்தான்: கோயிலுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் விமான நிலையத்தில் வாங்கிய போத்தலோடு வருவார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் நான் தேர் பார்த்துவிட்டு நேரே வேலைக்குப் போய்விடுவேன். உறவினர் வீடுகளுக்குப் பகலில் மனைவியோடு மட்டும் போவேன்.


கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு மாமா:

பிள்ளை, உங்கள் கதையை வாசித்துக் கவலையடைந்தேன். ஆனால் இங்கே எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள். இப்படிப்பட்டவர்களைக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையம் போன்ற தூர இடத்தில் இரண்டு வருடம் வைத்தால்தான் முற்றாகத் திருந்துவார்கள். அல்லது அவருக்கு ஒரு முச்சக்கரவண்டி வாங்கிக் கொடுத்து, சொந்தத் தொழில் என்ற பொறுப்பை ஏற்படுத்தலாம்; அதற்கு என்னால் இயன்ற உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறேன். குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிந்திருந்தால் ஊர் பலவிதமாகப் பேசும்.


ஓய்வுபெற்ற தாதி:

ஐயாவின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போருக்கானது. தானாக வருபவரையும் நீதவானின் கட்டளையின் பேரில் அனுப்பப்படுபவரையும் அது கருதுகிறது. தானே கிளினிக் போய், வேலைக்கும் போய், குடிக்காமலிருக்கும் ஒருவரைப் பிடித்து அடைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அடைத்து வைத்த இடத்தில் போதையில்லாமல் இருப்பது பெரிய காரியமன்று. சந்தியில் சாராயக்கடை இருக்கும் தெருவில் இருப்பதுதான் காரியம். ஹெரோயின் பாவித்தவர்களின் விடயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சில மாதம் அடைபட்டிருந்த பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்க, வெளியே வந்து பழைய அளவையே எடுத்து உயிர் விடுகிறார்கள்.

முச்சக்கரவண்டி வேண்டவே வேண்டாம். நாள் முழுதும் தனிமை, கையில் சில்லறை, எந்த நேரமும் நினைத்த இடத்துக்குப் போகலாம், அதோடு கட்ட வேண்டிய தவணைப் பணம். ஐயா உதவ விரும்பினால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவலாம், அதையும் தாயிடம் கேட்டுச் செய்யலாம்.


காணி வழக்குகள் பார்ப்பவன்:

சட்டத்தரணி என்ற முறையில் காணி பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பொதுவான விளக்கமாகவே இதைக் கொள்ள வேண்டும், காணி உறுதிப் பத்திரத்தைப் பார்க்காமல் எவரும் முடிவான ஆலோசனை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி உங்கள் சீதனக் காணி உங்களுடைய தனிச்சொத்து. உங்கள் கணவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அந்தக் காணியின் பராமரிப்பு, பயிர்ச்செய்கை, வரி போன்றவற்றுக்காகப் பட்ட கடனைத் தவிர, அவருடைய சொந்தக் கடன்களுக்கு அது பொறுப்பாவதும் இல்லை. கசிப்புக் கடன்காரர் யாராவது படலையில் வந்து நின்று காணியைக் காட்டி மிரட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. அசையாச் சொத்தை நீங்கள் விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் நன்கொடையாகக் கொடுப்பதற்கும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. அவர் வீதியில் கிடந்த காலத்தில் மகளின் படிப்புக்காகக் காணியில் ஒரு துண்டை விற்க நினைத்திருந்தால்கூட உங்களால் இயன்றிருக்காது. கணவர் கைவிட்டுப் போனாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்கு ஈடான அனுமதியைப் பெறலாம் என்ற வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்களைக் கண்டிருக்கிறேன்.

இதிலிருந்து நான் சொல்வது இதுதான். அவர் தெளிந்த மனதோடும் நல்லெண்ணத்தோடும் இருக்கும் இந்தக் காலத்தில், பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், உங்கள் சீவிய உரித்தை (உயிரோடிருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதுவதைப் பற்றி யோசியுங்கள். அவருடைய சம்மதமும் அதே உறுதியில் பதிவாகட்டும். எதிர்த்திசையில், வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் தொழிலுக்கு முதலீடு வேண்டும் என்று காணியை ஈடு வைக்கும் பேச்சு எழுந்தால், அது எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் முதல் சில ஆண்டுகளுக்கு உடன்பட வேண்டாம்.

பிரிந்திருக்கும் காலத்திலும் பிள்ளைகளைத் தாபரிக்கும் கடமை அவருக்கு உண்டு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கோரலாம். அவரே மனமுவந்து தரும்போது வழக்கு வேண்டாம். வங்கிப் பதிவுகளை மட்டும் பேணி வையுங்கள். அடி உதை மறுபடி நேர்ந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். விவாகரத்துக்குப் போகாமலே அது கிடைக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம்.


படலைச் சத்தம்:

அக்கா, நான் ஓர் ஆசிரியை. உங்கள் மகளின் இடத்தில் ஒரு காலத்தில் இருந்தவள். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பெரியவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்.

படலை திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்பதை நானும் தம்பியும் அறிவோம். மெல்லத் திறந்தால் குடிக்கவில்லை; இடித்துத் திறந்தால் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போவோம். அவர் குடியை விட்டுத் திரும்பி வந்த பிறகும் பல காலம் அந்தச் சத்தத்துக்கு என் வயிறு இறுகியது. அவர் குடிக்கவில்லை என்பது என் அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. ஆகவே உங்கள் மகள் அம்மம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்வதை அடம் என்றோ தகப்பனை மன்னிக்காத குணம் என்றோ எவரையும் சொல்ல விடாதீர்கள். பரீட்சை முடியும் வரை தான் படிக்கும் மேசையை விட்டு அவள் போக வேண்டியதில்லை. இடம் மாற வேண்டியவர் அவளல்ல.

எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்காத சிக்கல், அப்பா குடிக்காமல் இருந்ததால்தான் வந்தது. அவர் இல்லாத காலத்தில் அம்மா எல்லாக் கணக்கும் பார்த்தார். நான் தம்பியின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனேன். தம்பி சைக்கிளில் மாவு மில்லுக்கும் கூட்டுறவுக் கடைக்கும் போனான். வீடு அவரில்லாமல் நடக்கப் பழகிவிட்டது. தெளிந்து வந்தவர் தகப்பனாக நடக்க விரும்பினார். தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துக் கண்டித்தார், ஆறு மணிக்குப் பிறகு வெளியே போகக் கூடாது என்றார். "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்" என்ற கேள்வி என் வாயிலிருந்து வந்தது. அன்று அவர் குடிக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டமா, அவருடைய உறுதியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஓர் உளவளத்துணையாளரின் முன் நாலு பேரும் இருந்து பேசி, ஓர் ஆண்டுக்குக் கண்டிப்பு முழுவதும் அம்மாவின் கையில் என்று ஒழுங்கு செய்தோம். அப்பாவுக்குக் கண்டிப்பில்லாத ஒரு வேலை கொடுக்கப்பட்டது: தம்பியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவது. தம்பியோடு அவருக்கு உண்டான நெருக்கம் அந்தச் சைக்கிள் பாதையில் உண்டானதுதான். பேச வேண்டிய கட்டாயமில்லாமல் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அப்பாவின் வாயை மணந்து பார்த்துச் சொல் என்று பிள்ளைகளிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த வேலையை எனக்குத் தந்தார்கள், அதனால்தான் சொல்கிறேன். அப்பா வரலாமா என்ற முடிவையும் மகளின் தலையில் வைக்காதீர்கள். அவளிடம் கருத்தைக் கேளுங்கள். முடிவு அம்மாவுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். நாளை ஏதும் பிசகினால் "உன்னால்தான்" என்ற சொல் அவளிடம் போகக் கூடாது. உங்கள் மாமியார் உங்களிடம் சொன்ன அதே சொல் அது.


வலிகாமத்துப் பெண்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசிப் பதிலை மகளுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த புத்தகங்களை அவிழ்த்து மேசையில் அடுக்கிவிட்டாள்.

மகளின் பரீட்சை முடியும் வரை அவர் தமக்கை வீட்டிலேயே இருப்பது என்று முடிவு செய்து அவரிடமும் சொன்னேன். அவர் முகம் வாடியது, ஆனால் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் போய்விட வேண்டும். குடித்தால் அன்று வரக் கூடாது, வராமலிருந்ததன் காரணத்தை மறுநாள் என்னிடம் மட்டும் உண்மையாகச் சொல்ல வேண்டும். மகனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன். நன்கொடை உறுதி பற்றிச் சட்டத்தரணி ஐயா சொன்னதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பதினெட்டு வயதுகூட ஆகாத மகளின் பெயரில் எழுதினால், நாளை அவளையும் கையெழுத்துக்கு நெருக்குவார்களோ என்று பயப்படுகிறேன். இப்போதைக்கு உறுதி என் பெட்டியிலேயே இருக்கட்டும். மாமியாருக்கு நான் பதில் சொல்லவில்லை. தமக்கையாரே சொல்வதாகச் சொன்னார்.

இன்னொரு கேள்வி மட்டும் இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போகலாமா? வைத்தியர் என்னோடு பேசுவாரா, அல்லது அது அவரை வேவு பார்ப்பது போலாகுமா?


ஓய்வுபெற்ற தாதி:

போகலாம், ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவருடைய சம்மதமின்றி வைத்தியர் உங்களுக்கு விபரம் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. சம்மதித்தால் இருவரும் ஒன்றாக உள்ளே போய், நீங்கள் சொல்ல விரும்புவதை அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவர் வெளியே நிற்கத் தனியாகச் சொன்னால்தான் வேவு போலாகும். நித்திரை, சாப்பாடு, கோபம் ஆகியவை பற்றித் தமக்கையார் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். ஈரல் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். அவர் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் உறையோடு கொண்டு போங்கள். சித்த வைத்தியரிடம் ஏதும் வாங்கிக் குடிக்கிறாரானால் அந்தப் போத்தலையும் கொண்டு போய்க் காட்டுங்கள். கிளினிக்கில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும், இலக்கம் எடுக்க முந்திப் போக வேண்டும். அன்றைக்கு அவர் பட்டறையில் முன்கூட்டியே விடுப்புச் சொல்லி வைக்கட்டும்.